மெழுகு மூடிப் போத்தல்கள்

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்று மற்றவர்கள் உங்கள் பெயரையும் ஊரையும் கேட்டார்கள். நான் மட்டும், "உங்களுக்கு இழுப்பு இருக்கா? வீட்டில யாருக்காவது இருக்கா?" என்று கேட்டேன். உங்களில் சிலர் சிரித்தீர்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இப்படிக் கேட்கவில்லை என்று ஒருவர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.

இப்போது ஓய்வு பெற்றுப் போகிற என்னிடம், தொழிற்சாலை மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்கிறீர்கள். பிரியாவிடைக் கூட்டத்தில் பேசச் சொல்லாதவரைக்கும் சந்தோஷம். நாலு பேர் பார்த்தால் எனக்கு வார்த்தை தொண்டைக்குள் நின்றுவிடும். எழுதும்போது அந்தக் கஷ்டம் இல்லை. ஆகவே அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்கிறேன் என்பதையே எழுதுகிறேன்.

சண்டைக் காலம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, மேலே படிக்க வசதியில்லாமல், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது ஒழுங்கையில் இருந்த, கோடியல், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பழப்பாகு, தயாரிக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தொழிற்சாலை என்று பெயர்தான். முன்பக்கம் முதலாளி கணக்குவழக்குப் பார்க்கும் கந்தோர். பின்பக்கம் தகரக் கூரையின் கீழ் அண்டாக்கள். நெல்லி, தோடை, அன்னாசி, மாம்பழம் என்று பருவத்துக்குப் பருவம் காய்ச்சுவோம். அதிகம் விற்றது நெல்லிக் கோடியல்தான். சளிக்கும் நெஞ்சுக்கும் நல்லது என்று சனம் வாங்கும். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

பாகு ஆறியபின், போத்தலில் ஊற்றுவதற்கு முன், ஒரு வெள்ளைத் தூள் போட வேண்டும். அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். நாங்கள் தூள் என்றே சொல்வோம். அது இருக்கும் தகர டின்னைத் திறந்தால் தீக்குச்சியை உரசியதுபோல ஒரு நெடி மூக்கில் ஏறும். அது இல்லாவிட்டால் கோடியல் புளித்து, பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். எங்களோடு வேலை செய்த றீட்டாவுக்கு மூச்சு இழுப்பு இருந்தது. தூள் தகரம் திறக்கும் சத்தம் கேட்டாலே அவள் லேபல் ஒட்டும் மேசைக்கு எழுந்து ஓடிவிடுவாள். "உனக்கு வேலைக் கள்ளம்" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவளும் சேர்ந்து சிரிப்பாள், இருமிக்கொண்டே.

எங்கள் முதலாளி யாழ்ப்பாணத்து மனிதர். சத்தமாகக் கதைப்பார், கெதியாகக் கண் கலங்குவார். அவர் விற்பனைக்கு அனுப்புவதைத் தவிர, வடக்கில் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த சனத்துக்கென்றும் கோடியல் பெட்டிகள் அனுப்புவார். பாதை பூட்டியிருந்ததால் எல்லாம் கப்பலில்தான். பெட்டிகள் துறைமுகத்தில் அனுமதிக்காகக் கிடக்கும். பிறகு கப்பலில் கிடக்கும். இறங்கிய இடத்தில் ஒரு கொட்டகைக்குள் வெயிலில் கிடக்கும். ஒருமுறை அனுப்பியவை முழுவதும் புளித்துப் போய்ச் சேர்ந்தன. பழுதாகிவிட்டது என்று தெரிந்தும், இனிப்புக் கண்டு நெடுநாளான பிள்ளைகள் அதைக் குடித்துவிட்டு வாந்தி எடுத்தார்கள் என்று, அங்கிருந்து வந்த ஒரு பாதிரியார் சொன்னார். முதலாளி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அடுத்த முறையிலிருந்து வடக்குக்குக் காய்ச்சும் அண்டாவில் தூள் கூடப் போடச் சொன்னார். "எவ்வளவு ஐயா?" என்று கேட்டால், "பிள்ளையள் குடிக்கிறது, பழுதாப் போகக்கூடாது. பாத்துப் போடுங்கோ" என்பார். நாங்களும் பார்த்துப் போட்டோம். பார்த்துப் போட்டோம் என்றால், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூட்டிப் போட்டோம். றீட்டாவின் மாமா குடும்பம் அங்கே இருந்தது. அவளுக்காக ஒருத்தி ஒரு கரண்டி. கப்பல் பிந்தும் என்று வானொலியில் சொன்னால் இன்னுமொரு கரண்டி. பாசம்தான் எல்லாம். அந்தப் போத்தல்கள் வழியில் ஒழுகாமல் இருக்க, மூடியின் மேல் சிவப்பு மெழுகை உருக்கி ஊற்றுவோம். சாதாரணப் போத்தலுக்கு மெழுகு கிடையாது.

ஒரு தடவை, மெழுகு வைத்த பெட்டிகள் துறைமுகத்துக்குப் போய், அனுமதி இல்லை என்று அப்படியே லொறியில் திரும்பி வந்தன. வைக்க இடமில்லை. அந்தோனியார் திருநாள் நெருங்கிய காலம். கடைகளில் கோடியலுக்கு நல்ல கிராக்கி. கந்தோரில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட செல்வராஜா அண்ணன், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, அவற்றை வெள்ளவத்தைக் கடைகளுக்கு அனுப்பினார். கோடியல்தானே, எங்கே குடித்தால் என்ன என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வெள்ளவத்தையில் மெழுகு மூடியைக் கண்டதும், இது வெளிநாட்டுக்கு அனுப்புகிற விசேட சாமான் என்று ஒரு கடைக்காரர் சொல்லி வைத்தார். சனம் மெழுகுப் போத்தலைத்தான் கேட்டு வாங்கியது.

இப்படியிருக்க ஒருநாள் காலையில் ஒரு பெண் எங்கள் கந்தோருக்கு வந்தார். முதலாளி துறைமுகத்துக்குப் போயிருந்தார். செல்வராஜா அண்ணன் உள்ளே ரெலிபோனில். போத்தல் எண்ணிக் கொடுக்க வந்த நான் மட்டும் வாசலில் நின்றேன். முப்பது வயதிருக்கும் அவருக்கு. பருத்திச் சேலை, கையில் ஒரு சொப்பிங் பை. பைக்குள்ளிருந்து எங்கள் நெல்லிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். பாதி குடித்திருந்தது. கழுத்தில் சிவப்பு மெழுகு ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, நான் சண்டைக்கு வரேல்ல," என்றார். "உதுக்குள்ள என்ன போடுறியள் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அது போதும்."

அவர் பெயர் சிவகௌரி. கணவர் வெளிநாட்டில், விசா வரும்வரை மகள் மயூரியோடு வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருந்தார். மயூரிக்குச் சின்னதிலேயே இழுப்பு உண்டு. ஆனால் கொழும்புக்கு வந்தபிறகு அடிக்கடி, அதுவும் திடீரென்று வந்தது. லொட்ஜில் ஆளாளுக்கு ஒவ்வொன்று சொன்னார்கள். கடல் காற்று என்றார்கள். அறைக்குள் பூஞ்சணம் என்றார்கள். குண்டுச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை, பயம் நெஞ்சில் நிற்கிறது என்றார்கள்.

"ஷெல் விழேக்கையே என்ர பிள்ளை இப்பிடி இழுக்கேல்ல," என்றார் சிவகௌரி அக்கா. "கிளினிக் டொக்டர்தான் சொன்னவர், இழுப்பு வாறதுக்கு முந்தி என்ன சாப்பிட்டவ, என்ன குடிச்சவ எண்டு கவனியுங்கோ எண்டு. கவனிச்சுப் பாத்தன். எனக்கெண்டால் உதிலதான் சந்தேகம். ஆனா நெல்லி நெஞ்சுக்கு நல்லதெல்லே? அதுதான் எனக்கு விளங்கேல்ல."

"எப்படிக் கரைச்சுக் கொடுக்கிறீங்க அக்கா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்தான் கேட்டேன்.

"சுடுதண்ணியிலதான். இழுப்புக்குப் பச்சைத் தண்ணி குடுக்கலாமோ? நல்லாக் கொதிக்கக் கொதிக்க ஊத்தி, ஆவியை மூக்கால இழு எண்டு சொல்லிக் குடுப்பன்."

எனக்கு றீட்டாவின் ஞாபகம் வந்தது. ஒருமுறை ஒரு புதுப்பிள்ளை பாகு ஆறுமுன்னே தூளைப் போட்டுவிட்டாள். ஆவியோடு அந்த நெடி கூடம் முழுக்க ஏறி, எங்களுக்கே கண் எரிந்தது. லேபல் மேசையில் இருந்த றீட்டாவை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டுதான் போனோம். இந்த அம்மா அதையே ஒரு கோப்பைக்குள் செய்து, பிள்ளையின் மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இருங்க அக்கா," என்று உள்ளே ஓடி, தேநீருக்கு வைத்திருந்த வெந்நீரையும் மெழுகில்லாத ஒரு போத்தலையும் எடுத்து வந்தேன். அதிலும் அவர் கொண்டுவந்த போத்தலிலும் கொஞ்சம் எடுத்து, இரண்டு கோப்பையில் தனித்தனியே கரைத்தேன். சாதாரணக் கோடியலில் மூக்கை வைத்தால், தேடினால்தான் நெடி தெரிந்தது. மற்றதில் முகத்தைக் கொண்டுபோனதும் எனக்கே தும்மல் வந்தது.

இவ்வளவையும் செல்வராஜா அண்ணன் ரெலிபோனை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டார்.

"பிள்ளை, வாயைத் திறக்காதையும்," என்றார் மெதுவாக. "முதலாளி வந்து சொல்லட்டும். இது என்ன காலம் எண்டு தெரியுமெல்லே? தமிழன்ர கோடியலில ஏதோ கலந்திருக்காம் எண்டு ஒரு கதை வெளிக்கிட்டால், சந்தியில அது நஞ்சு எண்டு மாறிப் போகும். பின்னேரத்துக்குள்ள பொலிஸ் வந்து நிக்கும். இங்க வேலை செய்யிற பொம்பிளைப் பிள்ளையள் எல்லாரையும் ஏத்திக்கொண்டு போவாங்கள். உம்மையும்தான்."

நீங்கள் அவரைக் கெட்டவராக நினைக்கக் கூடாது. அவர் சொன்னது நடக்கக்கூடிய காரியம். சந்தேகத்தின் பேரில் கொண்டுபோனவர்களைத் தேடி எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு தாய்மார் அலைந்துகொண்டிருந்த காலம் அது. முதலாளி வரும்வரை பொறுப்பது புத்தியான காரியம் என்றே எனக்கும் பட்டது. வெளியே வந்து, "முதலாளி வந்த பிறகு கேட்டுச் சொல்றோம், நீங்க நாளைக்கு வாங்க" என்று சொல்லவும் வாயெடுத்தேன்.

அதற்குள் அவர், "நேரம் போச்சு தங்கச்சி, நான் போகவேணும்," என்று எழுந்தார். "பிள்ளையைப் பக்கத்து அறை மாமியோட விட்டிட்டு வந்தனான். காலமை லேசா இழுத்தது. கூடினால் குடுக்கச் சொல்லி மற்றப் போத்தலையும் சுடுதண்ணிப் போத்தலையும் அவவிட்டக் குடுத்திட்டு வந்தனான்."

"எதை அக்கா?"

"நெல்லியைத்தான்."

பொறுப்பதற்கு அதன்பிறகு இடமிருக்கவில்லை. "அக்கா, இதில ஒரு தூள் இருக்கு. இந்த மெழுகுப் போத்தல்ல கூட இருக்கு. இழுப்புள்ள பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. சூட்டில கொடுத்தால் இன்னும் மோசம்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது. மேசையில் இருந்த போத்தலை எடுத்துப் பைக்குள் திணித்தார்.

செல்வராஜா அண்ணன் அவரிடம் லொட்ஜ் இலக்கத்தைக் கேட்டு, உள்ளே போய் ரெலிபோன் சுழற்றத் தொடங்கினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். சுழற்றினார், வைத்தார், சுழற்றினார். வெள்ளவத்தை லொட்ஜ்களின் ரெலிபோன் அந்த நாட்களில் எப்போது ஓய்ந்திருந்தது? வெளிநாட்டு அழைப்புக்கு வரிசையில் நிற்கிற சனம். "நீங்கள் வெளிக்கிடுங்கோ, நான் விடாமல் அடிச்சுப் பாக்கிறன்," என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். நாங்கள் ஓட்டோவில் ஏறினோம்.

காலி வீதியில், பம்பலப்பிட்டிக்கு முன்னால் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். இறங்கச் சொன்னார்கள். சிவகௌரி அக்காவின் அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து விலாசம். கொழும்பில் தங்க எடுத்திருந்த பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்டினார். அவசரத்தில் அது இருமுறை கீழே விழுந்தது. பையைத் திறந்த சிப்பாய் போத்தலை எடுத்தான். என்னைவிட இளையவன் அவன். மூடியைத் திறந்து முகர்ந்தான். முகம் மாறியது.

"மொகக்த மே? கினிகூரு கந்தக் எனவா." இது என்ன, தீக்குச்சி மணக்கிறது என்று சிங்களத்தில் சொல்கிறான். அவன் மூக்கில் பிழையில்லை.

"நெல்லி கோடியல், மஹத்தயா," என்றேன். "லமயாட்ட அசனீபயி." பிள்ளைக்குச் சுகமில்லை என்பதை மட்டும்தான் அப்போது சொல்ல முடிந்தது.

"பீலா பென்னன்ன."

குடித்துக் காட்டு. அந்த நாட்களில் அது வழக்கம். தண்ணீர்ப் போத்தலையும் குடித்துக் காட்டித்தான் கொண்டுபோக வேண்டும். சிவகௌரி அக்கா கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டு வாங்கி, தண்ணீர் கலக்காத கோடியலை அப்படியே இரண்டு மடக்குக் குடித்தேன். தொண்டை எரிந்தது. கண்ணில் நீர் வந்தது. இருமவும் பயமாக இருந்தது. அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, "அம்மாத் ஹதனவா" என்றான். அவனுடைய அம்மாவும் நெல்லியில் செய்வாராம். போத்தலை மூடித் தந்து, போகச் சொல்லித் தலையசைத்தான்.

லொட்ஜ் ஒரு பழைய மாடி வீடு. அறைகளைப் பலகையால் இரண்டாக மறித்திருந்தார்கள். நாங்கள் படியேறும்போதே அந்தச் சத்தம் கேட்டது. இழுப்புக்காரர் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. மயூரி கட்டில் விளிம்பில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தாள். ஏழு வயது. தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி இறங்கின. பக்கத்து அறை மாமி அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். மேசையில் வெறும் கோப்பை.

"இப்பதான் பிள்ளை, முழுக்கக் குடிச்சு முடிச்சவ," என்றார் மாமி. "இன்னுமொரு கோப்பை கரைப்பமெண்டு பாத்தன்."

கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டாவது கோப்பையில் ஊற்றிய சுடுதண்ணீரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் அதைத் தூக்கி யன்னலுக்கு வெளியே ஊற்றினேன். அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்னும் பின்னும் எதையும் செய்ததில்லை. கீழே யாரோ ஏசினார்கள்.

கிளினிக் அதே ஒழுங்கையின் முடிவில். மயூரியைத் தாய் தூக்க, நான் முன்னால் ஓடி வழிவிடச் சொன்னேன். டொக்டர் அவளைக் கண்டதும் வரிசையில் இருந்தவர்களை நிறுத்திவிட்டு, ஆவி மருந்து பிடிக்கும் முகமூடியை அவளுடைய முகத்தில் வைத்தார். மெசின் இரைந்தது. டொக்டரும் நாங்கள் இருவரும் அந்தச் சின்னத் தோள்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரமென்று தெரியாது. மெல்ல மெல்ல அவை கீழே இறங்கின. பிள்ளை முகமூடிக்குள் ஏதோ சொன்னாள். டொக்டர் அதை விலக்கிக் கேட்டார்.

"அம்மா அழுறா," என்றாள் மயூரி.

பிறகுதான் டொக்டர் எங்களைப் பார்த்தார். "என்ன குடுத்தனீங்கள்?"

சிவகௌரி அக்கா என்னைப் பார்த்தார். கிளினிக் நிறையச் சனம். எல்லோரும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் டொக்டருக்குக் கிட்டே போய், போத்தலைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். தூளின் பெயரைச் சொன்னேன். வடக்குக்கென்று கூடப் போட்டதையும், சுடுநீரையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் கதிரையில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"இது நஞ்சில்லை," என்றார். "அளவோட போட்டால் அனேகம் பேருக்கு ஒண்டும் செய்யாது. போடாட்டில் பழுதாகி வேற வருத்தம் வரும். ஆனா இழுப்புள்ள சில பேருக்கு இது நெஞ்சை இறுக்கும். இந்தப் பிள்ளை அந்தச் சில பேரில ஒராள்." மயூரியின் கிளினிக் அட்டையில் பெரிய எழுத்தில் அதை எழுதினார். "எந்த நாட்டுக்குப் போனாலும் இதைக் காட்டுங்கோ அம்மா. இனி ஒரு போத்தல் வாங்கினால், உள்ளுக்க என்ன இருக்கெண்டு கேட்டு வாங்குங்கோ. கேட்டது பிழையில்லை. நல்லாத்தான் கேட்டிருக்கிறியள்."

நான் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியபோது முதலாளி வந்திருந்தார். செல்வராஜா அண்ணன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருந்தார். மீதியை நான் சொன்னேன். "பிள்ளை எப்பிடி?" என்று மட்டும் இடையில் கேட்டார். நல்லாயிருக்கிறாள் என்றதும் தலையாட்டினார். முழுவதையும் கேட்டபின், அந்தச் சத்தமான மனிதர் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு எங்கள் ஒருவருக்கும் தோன்றாததைச் சொன்னார்.

"இந்தப் பெட்டியள் திரும்பி வந்தபடியால் எங்களுக்குத் தெரிஞ்சுது. முந்தி அனுப்பினது எல்லாம் அங்க போய்ச் சேந்ததெல்லே? அங்க இழுப்புள்ள பிள்ளையள் இல்லாமலோ இருப்பினம், செல்வராஜா? அங்க முகமூடியும் இல்லை, மருந்தும் இல்லை."

செல்வராஜா அண்ணன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, வடக்குக்குப் போன பெட்டிகளை எண்ணத் தொடங்கினார்.

அடுத்த நாள் தொடங்கி, வடக்குக்குப் போகிற பாதிரியார், தாதி, கப்பலில் வேலை செய்கிறவர், யாரைக் கண்டாலும் முதலாளி ஓடிப் போய்ச் சொல்லுவார். சிவப்பு மெழுகுப் போத்தலை இழுப்புள்ளவர்களுக்குக் கொடுக்கவேண்டாம் என்று போகுமிடமெல்லாம் சொல்லச் சொல்லி மன்றாடுவார். அதன்பிறகு வடக்குக்குக் கோடியல் அனுப்பவே இல்லை. தூள் தேவைப்படாதபடி நெல்லியைச் சீனியில் கட்டியாகக் காய்ச்சி, தகரத்தில் அடைத்து அனுப்பினோம். வேலை இரட்டிப்பு, சீனியும் அதிகம். ஆனால் அது கெடாமல் போய்ச் சேர்ந்தது.

கடைகளில் இருந்த மெழுகுப் போத்தல்களைத் திருப்பி எடுக்க வேண்டியிருந்தது. லேபல் பிழை என்று சொல்லி எடுக்கலாம் என்றார் செல்வராஜா அண்ணன். முதலாளி யோசித்தார். "கடையில இருக்கிறது திரும்பி வரும். வீட்டுக்குக் கொண்டு போனது? லேபல் பிழையெண்டால் ஆர் குடிக்காமல் விடப் போகினம்?" என்றவர் என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீர்தான் போகவேணும். நான் போனால் சத்தம் போட்டுக் காரியத்தைக் கெடுத்துப் போடுவன்."

வெள்ளவத்தையில் அந்த விசேட சாமான் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சனம் மெழுகுப் போத்தல்தான் வேணுமெண்டு நிக்குது. நீங்கள் என்னெண்டால் திருப்பித் தா எண்டுறியள். லண்டனுக்கு அனுப்பப் போறியளே?"

நான் காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சாமான் வாங்க நின்ற ஒரு வயதானவர் திரும்பினார். "என்ன, நஞ்சு கிஞ்சு கலந்து போட்டுதோ?" என்றார். பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் கடையில் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்வராஜா அண்ணன் சொன்ன சந்தி, பொலிஸ் எல்லாம் என் கண்முன் வந்தது. "இல்லை, இல்லவே இல்லை" என்று நான் கத்தியிருந்தால், கத்தியதையே சனம் நம்பியிருக்காது. எனக்குக் கத்தவும் வராது. அவருக்குக் கிட்டே போய், "ஐயா, உங்களுக்கு இழுப்பு இருக்கா? வீட்டில யாருக்காவது இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் திகைத்தார். "எனக்கில்லை. பேரனுக்கு இருக்கு. ஏன்?"

"அப்ப அவருக்கு மட்டும் இதைக் கொடுக்காதீங்க ஐயா. கெடாம இருக்கிறதுக்குப் போடுற தூள் இதில கொஞ்சம் கூடிப்போச்சு. இழுப்புள்ளவங்களுக்கு அது கூடாது. போத்தலைக் கொண்டு வந்தீங்கன்னா வேற தாறோம்."

அவர் தன் பேரனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற பெண், தன் அக்காவுக்கும் இழுப்பு என்றார். நஞ்சு என்ற சொல் அதோடு போய்விட்டது. கதைக்க வேறு விசயம் கிடைத்துவிட்டது. அது அவரவர் வீட்டு விசயம். அன்று முழுக்கக் கடைகடையாக, லொட்ஜ் லொட்ஜாக அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனேன். ஒருவரும் எங்களைச் சந்தேகப்படவில்லை. போத்தல்கள் திரும்பி வந்தன. சிலர் மெழுகுப் போத்தலைத் தரமாட்டேன், இதுதான் நல்லது என்று அடம்பிடித்ததும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, இரண்டாம் முறையும் போய் வாங்கி வந்தேன்.

ஆகவே பிள்ளைகளே, யாராவது போத்தலோடு வாசலில் வந்து நின்றால், நம்முடைய செய்முறையைச் சொல்லி அவரை அனுப்பிவிடாதீர்கள். நாம் செய்யும் விதம் நமக்குத் தெரியும். அவர்கள் குடிக்கும் விதம் அவர்களுக்குத்தான் தெரியும். அதைக் கேளுங்கள். பிறகு, அளவு என்று எழுதியிருப்பதற்கு மேல், அன்பினால்கூட ஒரு சிட்டிகை கூட்டாதீர்கள்.

சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மயூரி நெல்லிக் கோடியலுக்குப் பழகிப்போயிருந்தாள். அது இனி இல்லை என்றதும் சாப்பிடவும் மாட்டேன் என்றாளாம். நான் வீட்டில் அம்மாவின் சட்டியில் தூளே போடாமல் ஒரு சின்னப் போத்தல் காய்ச்சி, வேலை முடிந்து பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். லொட்ஜில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. புளிக்குமுன் குடித்து முடிக்க வேண்டும். முடிந்தால் மறுபடி காய்ச்சுவேன். அவர்களுக்கு விசா வரும்வரை அப்படியே நடந்தது. அந்தக் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு நான் கதைத்த அளவு, என் வயதுக்காரரோடுகூடக் கதைத்ததில்லை.

போவதற்கு முன் இருவரும் கொட்டாஞ்சேனைக்கு வந்தார்கள். முதலாளி மயூரிக்கு உடுப்பு வாங்கி வைத்திருந்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு, நேரே என்னிடம் வந்தாள்.

"அன்ரி, அப்பாவுக்கு ஒரு போத்தல் வேணும்."

"தூள் இல்லாததைக் கொண்டுபோனா வழியிலேயே புளிச்சிடும் மயூரி. பிளேனில மூடி வெடிச்சு அம்மாட சேலையெல்லாம் நெல்லியாகும்."

அவள் யோசித்தாள். "அப்பாவுக்கு இழுப்பு இல்லைத்தானே?"

"இல்லையா?"

"இல்லை. அம்மாவைக் கேட்டனான். அப்ப அவருக்குத் தூள் போட்டே தாங்கோ." கொஞ்சம் நிறுத்தி, விரலை ஆட்டிச் சொன்னாள்: "கூடப் போடக்கூடாது."

"கூடப் போட மாட்டேன்."

அன்று காய்ச்சி ஆறிய பாகில் ஒரு போத்தலுக்கு மட்டும் எடுத்தேன். கரண்டியைத் தட்டிச் சமப்படுத்தி, எவ்வளவு போட வேண்டுமோ அவ்வளவே போட்டேன். மயூரி முற்றத்தின் அந்தப் பக்கம், படலைக்கு வெளியே நின்றாள். அவ்வளவு தூரத்திலும் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மூடியை இறுக்கி, போத்தலைக் கவிழ்த்து, ஒரு துளியும் ஒழுகவில்லை என்று காட்டிய பிறகுதான் கையை எடுத்தாள்.